ஈர்ப்பலை ஆய்வின் கணக்குமுறை மருத்துவத் தரவுக்கு வரும்போது எது கூடவே வருகிறது, எது வருவதில்லை?

விண்மீன்தேடி (இழையைத் தொடங்கியவர்)

ஈர்ப்பலைகளை, அதாவது வெளியையே நெளியச் செய்து பரவும் அலைகளை, கண்டறிய உதவிய கணக்குமுறையை இதயத் துடிப்புப் பதிவிலோ மூளையலைப் பதிவிலோ செலுத்தி, பழைய முறைகளைவிட நுட்பமாக நோயைக் கண்டதாகக் கூறும் ஆய்வுக் கட்டுரைகளை அடிக்கடி காண்கிறேன். இவற்றை எப்படி மதிப்பிடுவது என்பதைப் பற்றி இங்கே விரிவாக விவாதிக்க விரும்புகிறேன். நான் இயற்பியல் பக்கத்திலிருந்து வருபவன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

துறை விட்டுத் துறை பாய்வதில் எனக்கு மறுப்பே இல்லை. வானியலுக்கும் மருத்துவத்துக்கும் கணினித் துறைக்கும் ஒரே கருத்துகள் பொதுவாக அமைந்த வரலாறு செழிப்பானது. சூரியனின் வானொலிப் படத்தைக் கீற்றுக் கீற்றான அளவீடுகளிலிருந்து மீட்டெடுக்கும் கணக்கை ரொனால்ட் பிரேஸ்வெல் 1956இல் எழுதினார். அதே கணக்கை யோஹான் ராடோன் 1917இலேயே தூய கணிதமாகத் தீர்த்து வைத்திருந்தார். இந்த இரண்டையும் அறியாமல் ஆலன் கார்மாக் 1963இலும் 1964இலும் தம் கட்டுரைகளை வெளியிட்டார்; அப்போது அவற்றை ஏறெடுத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலர். 1971 அக்டோபர் 1 அன்று காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் கருவி முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. மற்றொரு கதையும் உண்டு. சிறு கருந்துளைகள் வெடித்து மறையும் என்று ஹாக்கிங் 1974இல் சொன்னதை நம்பி, அந்த வெடிப்பின் வானொலித் துடிப்பைத் தேடியவர்களில் ஜான் ஓ'சல்லிவன் ஒருவர். துடிப்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆனால் விண்வெளியில் பரவிச் சிதைந்த சமிக்ஞையைச் சீராக்கும் அந்தப் பயிற்சி, அறைச் சுவர்களில் எதிரொலித்துக் குழம்பும் வானொலி அலைகளைப் பிரித்தெடுக்க ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் பின்னாளில் கைகொடுத்தது. இன்றைய வைஃபையின் வேர்களில் அது ஒன்று.

இவற்றில் பொதுவாக இருந்தது கணிதம். கணிதத்துக்குத் துறை கிடையாது. ராடோனின் சமன்பாடு சூரியனுக்கும் மண்டையோட்டுக்கும் ஒன்றே. நான் மேலே குறிப்பிட்ட கட்டுரைகளோ கணிதத்தோடு நம்பகத்தன்மையையும் சேர்த்துக் கடன் வாங்க முயல்கின்றன. அந்த நம்பகத்தன்மை கணக்குமுறையிலிருந்து வரவில்லை என்பதே என் வாதம்.

2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் ஈர்ப்பலை ஆய்வகமான லைகோவின் இரு கருவிகளிலும் பதிவான, இரு கருந்துளைகள் இணைந்ததால் எழுந்த சமிக்ஞையை எடுத்துக்கொள்வோம். 4 கிலோமீட்டர் நீளக் கைகளில் ஏற்பட்ட மாற்றம் புரோட்டானின் விட்டத்தில் சில நூறில் ஒரு பங்கு. முன்கூட்டியே கணித்து வைத்த அலைவடிவங்களோடு தரவை ஒப்பிடும் பொருத்த வடிகட்டி அதை உறுதி செய்தது என்பது உண்மைதான். ஆனால் ஒரு வடிகட்டி எதையாவது ஒன்றை எப்போதும் கண்டுபிடித்துக்கொண்டேதான் இருக்கும். கண்டது இரைச்சலா, அலையா என்பதைத் தீர்த்தது வேறொரு சிறிய தந்திரம். அந்த இரு கருவிகள் இருக்கும் ஹான்ஃபோர்டுக்கும் லிவிங்ஸ்டனுக்கும் இடையே ஒளி செல்ல 10 மில்லி விநாடி ஆகும். எனவே ஒரு கருவியின் தரவை அதைவிடக் கூடுதலான நேர அளவுக்கு நகர்த்திவைத்து மற்றதோடு ஒப்பிட்டால், அதில் தென்படும் எந்த ஒற்றுமையும் ஈர்ப்பலையாக இருக்க முடியாது, முழுக்கத் தற்செயலே. இப்படி ஏறத்தாழ ஒரு கோடி முறை நகர்த்தியதால், வெறும் 16 நாள் தரவிலிருந்து, இத்தகைய தற்செயல் 2,03,000 ஆண்டுகளில் ஒரு முறைக்கும் குறைவாகவே நேரும் என்று சொல்ல முடிந்தது.

இரைச்சல் எப்படி நடந்துகொள்ளும் என்பதை இரைச்சலிடமே கேட்டறியும் இந்த வசதி மருத்துவத் தரவில் எங்கே இருக்கிறது? இல்லையென்றால், "ஈர்ப்பலையைக் கண்டறிந்த முறை" என்ற அடைமொழிக்கு என்ன பொருள்?

நாடிக்குறிப்பு

நல்ல கேள்வி. ஆனால் மருத்துவம் இந்த விஷயத்தில் வெறுங்கையோடு நிற்பதாக நீங்கள் எழுதியிருப்பதைத் திருத்த வேண்டியிருக்கிறது. நான் மருத்துவர்; சில ஆண்டுகளாக மருத்துவப் புள்ளியியலிலும் உழல்பவன்.

உங்கள் நேர நகர்த்தலுக்கு எங்களிடம் உடன்பிறப்பு ஒன்று உண்டு. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரு குழுக்களாகப் பிரிப்பதுதான் அது. காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு 1948இல் வெளிவந்ததிலிருந்து இந்த ஒழுங்கு எங்களிடம் இருக்கிறது. குலுக்கிப் பிரித்துவிட்டால், "மருந்து எதுவுமே செய்யாதிருந்தால் எவ்வளவு வேறுபாடு தற்செயலாக வந்திருக்கும்" என்பதை, அதே தரவில் குழுப் பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டுக் கணக்கிடலாம். தர்க்கம் ஒன்றே: உண்மைத் தொடர்பைத் திட்டமிட்டு அறுத்துவிட்டு, மிஞ்சுவது என்னவென்று பார்ப்பது.

தற்செயல் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு எங்கள் துறையின் மிகச் சிறந்த பாடம் 1988இல் வெளிவந்த ஐசிஸ்-2 ஆய்வு. மாரடைப்பு வந்ததாக ஐயுறப்பட்ட 17,187 நோயாளிகளிடம் ஆஸ்பிரின் பலனளிப்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. ஆனால் உட்குழு வாரியாகவும் முடிவுகளைப் பிரித்துக் காட்டும்படி வற்புறுத்தல் வந்தது. ஆய்வாளர்கள் நோயாளிகளைப் பிறந்த ராசிப்படியும் பிரித்துக் காட்டினார்கள். மிதுன, துலா ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் சற்றுத் தீங்கு செய்வதாகவும், மற்ற ராசிக்காரர்களுக்குப் பெரும் பலன் தருவதாகவும் அட்டவணை சொன்னது. தரவை நீண்ட நேரம் துண்டாடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிடக் கூர்மையான எச்சரிக்கையை எந்த இயற்பியலாளரும் எழுதியதில்லை என்பது என் கருத்து.

ஆய்வின் முதன்மை அளவீடு எது என்பதை முன்கூட்டியே பொதுப் பதிவேட்டில் எழுதிவைக்கும் வழக்கமும் எங்களிடம் வந்துவிட்டது. அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் நிதியளித்த பெரிய ஆய்வுகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தபோது, 2000க்கு முன் வெளியான 30இல் 17 ஆய்வுகள் பலன் இருப்பதாகச் சொல்லியிருந்தன. அதற்குப் பின் வெளியான 25இல் 2 மட்டுமே அப்படிச் சொன்னன. முன்பதிவு கட்டாயமானது இந்த வீழ்ச்சிக்கு முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று அந்த மீளாய்வைச் செய்தவர்கள் கருதினார்கள்.

ஆக, சிகிச்சை ஆய்வுகளில் எங்களுக்குக் கடன் தேவையில்லை. நோயறிதல் ஆய்வுகளில்தான், அதிலும் படங்களையும் பதிவுகளையும் இயந்திரக் கற்றலுக்குத் தீனியாகப் போடும் ஆய்வுகளில்தான், உங்கள் கேள்வி உண்மையிலேயே கடிக்கிறது. அங்கே எவரும் சீட்டுக் குலுக்குவதில்லை. ஒருவருக்கு நிமோனியா வருவதை நாம் ஒதுக்கீடு செய்ய முடியாது.

இருமக்கோவை

நிரல் எழுதுபவன் என்ற முறையில் இரண்டு பேச்சுக்கும் நடுவே நுழைகிறேன். "அதே கணக்குமுறை" என்று கட்டுரைகள் சொல்வதே பல நேரங்களில் சரியில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பொருத்த வடிகட்டி மிகச் சிறந்த முறையாவது இரண்டு நிபந்தனைகளின் கீழ்தான். தேடும் வடிவம் முன்பே தெரிந்திருக்க வேண்டும்; இரைச்சல் காலத்தோடு தன்மை மாறாததாகவும் மணி வடிவக் காஸியன் பரவல் உடையதாகவும் இருக்க வேண்டும். ஈர்ப்பலை ஆய்வில் முதல் நிபந்தனையை ஐன்ஸ்டைனின் 1915ஆம் ஆண்டுச் சமன்பாடுகள் நிறைவேற்றித் தருகின்றன. இரு கருந்துளைகளின் நிறையையும் சுழற்சியையும் கொடுத்தால் அலைவடிவம் கணக்கிலிருந்து வந்துவிடும். 2015 தேடலில் இப்படி ஏறத்தாழ இரண்டரை லட்சம் வடிவங்கள் பயன்பட்டன. ஒரு நோயாளியின் மாரடைப்பு இ.சி.ஜி. தாளில் எந்த வடிவத்தில் தோன்ற வேண்டும் என்று சொல்லும் சமன்பாடு எதுவும் கிடையாது. பழைய நோயாளிகளின் சராசரி வடிவத்தைத்தான் வார்ப்பாக வைக்கிறார்கள். சராசரி வேறு, கோட்பாடு வேறு.

இரண்டாவது நிபந்தனை ஈர்ப்பலை ஆய்விலேயே முழுமையாக நிறைவேறுவதில்லை. 2017 ஆகஸ்ட் 17 அன்று இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய சமிக்ஞை வந்தபோது, லிவிங்ஸ்டன் கருவியில் அதே நேரத்தில் ஒரு பெரிய கோளாறுத் துடிப்பும் விழுந்தது. தானியங்கி நிரல் அந்தக் கருவியின் பதிவை உடனடியாக எடுத்துக்கொள்ளவில்லை. மனிதர்கள் பார்த்து, கோளாறை நீக்கி, சமிக்ஞையை மீட்டார்கள். 1.7 விநாடி கழித்து வந்த காமாக் கதிர் வெடிப்பை ஃபெர்மி செயற்கைக்கோள் தனியே பதிவு செய்திருந்ததால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. கருவி வேறு, இயற்பியல் வேறு, சொன்ன செய்தி ஒன்று. ஓர் ஆய்வுக்கு இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் வாய்க்காது.

மருத்துவப் படங்களில் என்ன நடக்கிறது என்பதற்கு நாடிக்குறிப்பு தொட்டுவிட்டுப் போன நிமோனியாவையே எடுத்துக்கொள்கிறேன். பல மருத்துவமனைகளின் மார்பு எக்ஸ்ரே படங்களைக் கொண்டு பயிற்றுவித்த ஆழ்கற்றல் நிரலைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அந்த நிரலால் படம் எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதை ஏறக்குறையத் தவறின்றிச் சொல்ல முடிந்தது. ஒரு மருத்துவமனையில் நிமோனியா விகிதம் மற்றதைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதால், இடத்தை அறிந்தாலே நோயைப் பாதி அறிந்ததாகிவிடும். நுரையீரலைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பயிற்சிக்குப் பயன்படாத வேறொரு மருத்துவமனையின் படங்களைக் கொடுத்தபோது திறன் பெரும்பாலும் சரிந்தது.

பெருந்தொற்றுக் காலத்தில் இது இன்னும் மோசமாக நடந்தது. கோவிட் நோயைப் படத்திலிருந்து கண்டறிவதாகச் சொன்ன கட்டுரைகளை 2021இல் ஒரு குழு சலித்துப் பார்த்து, தரம் தேறிய 62ஐ ஆழ்ந்து ஆராய்ந்தது. மருத்துவப் பயன்பாட்டுக்கு ஏற்றது ஒன்றுகூட இல்லை என்பது முடிவு. சில ஆய்வுகளில் நோயில்லாதவர்களின் படங்களாக ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் எக்ஸ்ரேக்கள் கலந்திருந்தன. நோயாளிகளோ பெரியவர்கள். நிரல் கற்றது வயதை.

எதிர்வினா

மூவரும் இயற்பியலை ஒரு பீடத்தில் ஏற்றி வைத்துவிட்டுப் பேசுகிறீர்கள். சற்றே இறக்கி வைப்போம்.

ஜோசஃப் வெபர் 1969இல் ஈர்ப்பலைகளைக் கண்டுவிட்டதாக அறிவித்தார். மேரிலாந்திலும் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தள்ளி ஆர்கானிலும் வைத்த அலுமினிய உருளைகள் ஒரே நேரத்தில் அதிர்ந்தன என்பது அவர் சான்று. மற்றவர்கள் அதே போன்ற கருவிகளைக் கட்டிப் பார்த்தார்கள். எவருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. 2014 மார்ச்சில், பேரண்டத்தின் தொடக்கக் கணத்திலிருந்து வந்த ஈர்ப்பலைகளின் தடத்தைத் தென் துருவத்திலிருந்து கண்டதாக பைசெப்-2 என்னும் தொலைநோக்கிக் குழு செய்தியாளர்களைக் கூட்டிச் சொன்னது. 2015 ஜனவரியில், பிளாங்க் செயற்கைக்கோளின் தரவோடு சேர்த்துப் பார்த்தபோது, அந்தத் தடத்தின் பெரும்பகுதி நம் பால்வீதியின் தூசியால் விளக்கப்பட்டுவிட்டது. ஒரே அலைவெண்ணில் அளந்தவர்களால் தூசியையும் தொடக்கத்தையும் பிரித்துக் காட்ட இயலவில்லை. இதுவும் "மருத்துவமனையைக் கற்ற நிரல்" வகைப் பிழைதானே?

இன்னொன்று, இதைவிட முக்கியமானது. இயற்பியலாளர் ஐந்து சிக்மா கேட்கலாம். அதாவது தற்செயலாக நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 35 லட்சத்தில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கலாம். 130 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் என்றோ இணைந்துவிட்ட கருந்துளைகள், நாம் அடுத்த ஆண்டு அறிவித்தாலும் பத்தாண்டு கழித்து அறிவித்தாலும் கவலைப்படப் போவதில்லை. இன்றிரவு காய்ச்சலோடு வந்திருப்பவருக்கு இரத்தத்தில் நச்சேற்றம் இருக்கிறதா என்று முடிவு செய்ய வேண்டிய மருத்துவருக்கு அந்தச் சலுகை கிடையாது. சான்றின் உயரத்தை நிர்ணயிப்பது தவறின் விலை. அந்த விலை இரு துறைகளிலும் வேறு என்னும்போது, ஒன்றின் ஒழுங்கை மற்றதன் மீது அளவுகோலாக வைப்பதே பொருந்தாது.

நாடிக்குறிப்பு

> "சான்றின் உயரத்தை நிர்ணயிப்பது தவறின் விலை."

இந்த வரியில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் அவசரம் என்றால் ஒழுங்கைக் கைவிடலாம் என்ற முடிவு அதிலிருந்து வருவதில்லை. பெருந்தொற்றின் உச்சத்தில் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வு 2020 மார்ச்சில் தொடங்கியது. அதே ஆண்டு ஜூனில், டெக்ஸாமெத்தசோன் என்னும் பழைய, விலை குறைந்த மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் 28 நாள் இறப்பு விகிதத்தை 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாகக் குறைப்பதை அது காட்டிவிட்டது. சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு அது. கட்டில்கள் நிரம்பி வழிந்த நேரத்தில் நடந்தது. குலுக்காமல் "எனக்குப் பலித்தது" என்று சொல்லப்பட்ட மருந்துகள் அதே மாதங்களில் எத்தனை வந்து போயின என்பதை அனைவரும் அறிவோம்.

எதிர்வினா சொன்ன விலைக் கணக்கு நோயறிதல் நிரலுக்கு வரும்போது வேறு உருவம் எடுக்கிறது. ஒரு சிகிச்சை ஆய்வின் தவறு ஒரு மருந்தோடு நிற்கும். ஒரு நிரலின் தவறு அது நிறுவப்பட்ட ஒவ்வோர் இடத்திலும் ஒரே திசையில், ஒரே வகை மனிதர்கள் மீது விழுந்துகொண்டே இருக்கும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவுமானியையே பாருங்கள். அதில் ஆழ்கற்றல் எதுவுமில்லை. வெறும் ஒளியும் ஓர் அளவுத்திருத்தக் கோடும்தான். 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அளவுமானி 92 முதல் 96 சதவீதம் என்று காட்டியபோதும் இரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையில் 88 சதவீதத்துக்குக் கீழே இருந்த நிலை, வெள்ளையர்களிடம் 3.6 சதவீத அளவீடுகளிலும் கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீத அளவீடுகளிலும் காணப்பட்டது. இப்போது இந்த அளவீடுகளை உள்ளீடாக வைத்துப் பயிலும் நிரலைக் கற்பனை செய்யுங்கள். அதற்கு இது இரைச்சலாகத் தெரியாது, தரவாகவே தெரியும்.

விண்மீன்தேடி

எதிர்வினா அவர்களுக்கு: வெபரை நீங்கள் கொண்டுவந்தது என் வாதத்துக்கு எதிராகத் தோன்றினாலும், அந்தக் கதையின் மறுபாதி அதற்கு வலுவூட்டவே செய்கிறது.

நேரத்தை நகர்த்திப் பின்னணியை அளக்கும் உத்தியை ஈர்ப்பலைத் தேடலில் கையாண்டு காட்டியவரே வெபர்தான். ஒரு கருவியின் பதிவைத் தாமதப்படுத்தி மற்றதோடு ஒப்பிட்டு, தாமதம் பூச்சியமாக இருக்கும்போது மட்டும் ஒற்றுமைகள் எகிறுவதாகக் காட்டினார். முறை சரியானது. பின்னர் ராச்செஸ்டரில் இருந்த வேறொரு குழுவின் கருவிக்கும் தம் கருவிக்கும் இடையே ஒற்றுமைகள் இருப்பதாகவும் அறிவித்தார். அப்போதுதான், இரு குழுக்களும் வெவ்வேறு நேர மண்டலங்களில் கடிகாரத்தை வைத்திருந்தது தெரிய வந்தது. இரு தரவுகளுக்கும் இடையே 4 மணி நேர வேறுபாடு இருந்தது. தற்செயல் மட்டுமே இருக்க வேண்டிய, நகர்த்தப்பட்ட தரவில் அவர் சமிக்ஞையைக் கண்டிருந்தார். எந்த எல்லையைத் தாண்டினால் அதிர்வை "நிகழ்ச்சி" என்று எண்ணுவது என்பதை முடிவைப் பார்த்துக்கொண்டே திருத்தியதுதான் காரணம் என்று அவரை விமர்சித்தவர்கள் கூறினார்கள். தாமதப்படுத்தி ஒப்பிடும் சோதனை கையில் இருந்தும், எல்லையை முன்கூட்டியே பூட்டி வைக்காததால் அது பயனற்றுப் போனது.

அடுத்த தலைமுறை இதை மறக்கவில்லை என்பதற்கு 2010 செப்டம்பர் ஒரு சான்று. லைகோ, ஐரோப்பாவின் விர்கோ ஆகிய ஈர்ப்பலைக் குழுக்களின் தரவில் பெருநாய் விண்மீன் கூட்டத் திசையிலிருந்து வருவது போன்ற ஒரு வலுவான சமிக்ஞை தோன்றியது. பல மாதங்கள் உழைத்து, அதை வெளியிடுவதற்கான கட்டுரையையும் எழுதி முடித்தார்கள். 2011 மார்ச்சில், ஒருசிலர் மட்டுமே அறிந்திருந்த விடையை அடக்கிய உறையைத் திறந்தபோது, அது குழுவைச் சோதிக்க வேண்டுமென்றே கருவிக்குள் செலுத்தப்பட்ட போலிச் சமிக்ஞை என்பது வெளிப்பட்டது. இப்படி நடக்கக்கூடும் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். எது, எப்போது என்பதுதான் தெரியாது. நூற்றுக்கணக்கானவர்களின் பல மாத உழைப்பை ஒத்திகையாகச் செலவிட ஒரு துறை சம்மதித்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. மருத்துவத்தில் இதற்கு இணையானது உண்டா?

நாடிக்குறிப்பு

பகுதியளவில் உண்டு. காசநோய்க்கான சளி நுண்ணோக்கிச் சோதனையில், ஏற்கெனவே பார்த்து முடித்த சளி தடவிய கண்ணாடித் தகடுகளில் சிலவற்றை, முதல் முடிவை மறைத்து இன்னொருவரிடம் மறுபடியும் பார்க்கக் கொடுப்பது வழக்கமான தரக் கட்டுப்பாடு. ஆய்வகங்களுக்கு விடை தெரிந்த மாதிரிகளை அனுப்பிச் சோதிப்பதும் உண்டு. ஆனால் உண்மையான நோயாளியின் படத்தில் போலிக் கட்டி ஒன்றைச் செருகிவிட்டு மாதக்கணக்கில் உறையைத் திறக்காமல் காத்திருக்க முடியாது. அந்த நோயாளி கத்திக்குப் போய்விடுவார்.

ஆய்வுச் சூழலில் செய்து பார்த்திருக்கிறார்கள். 2013இல் வெளியான ஆய்வில், நுரையீரல் சி.டி. படங்களில் கட்டிகளைத் தேடச் சொல்லி 24 கதிரியல் மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். படத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு கொரில்லாவின் உருவத்தைச் செருகியிருந்தார்கள். 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. அவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். கட்டியைத் தேடும் கண் கட்டியைத்தான் தேடும்.

இருமக்கோவை

திறந்த தரவைப் பற்றி எவரும் இன்னும் பேசவில்லை. நேர நகர்த்தலைவிடவும் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

லைகோவின் தரவு பொதுவில் கிடைக்கிறது. எவரும் பதிவிறக்கி, தம் சொந்த நிரலால் சோதிக்கலாம். 2017இல் கோபன்ஹேகனின் நீல்ஸ் போர் நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு குழு அப்படித்தான் தரவை எடுத்து, இரு கருவிகளின் இரைச்சலுக்கும் இடையே இருக்கக் கூடாத தொடர்பு இருப்பதாக ஐயம் எழுப்பியது. வேறு குழுக்கள் தனியே ஆராய்ந்து, முதல் முடிவு நிற்பதாகக் கண்டன. அந்த ஐயம் சரியா தவறா என்பதைவிட, ஐயம் எழுப்பத் தேவையான அனைத்தும் வெளியாரின் கையில் இருந்தது என்பதே பெரிது.

நோயாளிகளின் தரவில் இந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. அடைத்து வைக்க நியாயமும் இருக்கிறது. பெயர் நீக்கப்பட்ட மருத்துவப் பதிவுகளை வாக்காளர் பட்டியலோடு பொருத்தி, அன்றைய மாசசூசெட்ஸ் ஆளுநரின் பதிவையே லட்டான்யா ஸ்வீனி 1990களில் அடையாளம் காட்டினார். அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்று மட்டுமே அமெரிக்க மக்களில் 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காணப் போதுமானவை என்றும் அவர் கணக்கிட்டார். கருந்துளைக்கு அந்தரங்கம் கிடையாது, மனிதருக்கு உண்டு.

நடுவழிகள் இருக்கின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவுத் தரவான மிமிக் தொகுப்பை, உரிய பயிற்சி முடித்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஆய்வாளர் எவரும் பெறலாம். தரவை நகர்த்தாமல் நிரலை மட்டும் மருத்துவமனைக்கு மருத்துவமனை அனுப்பிப் பயிற்றுவிக்கும் கூட்டுக் கற்றல் முறையும் வளர்ந்து வருகிறது. ஆனால் பின்னதில் ஒரு சிக்கல் உண்டு: தரவைக் கண்ணால் பார்க்காதவர், அதில் ஐந்து வயதுக் குழந்தைகள் கலந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பார்? அந்தரங்கத்தைக் காக்கும் அதே திரை பிழையையும் காக்கும். இதற்கு நல்ல விடையை நான் எங்கும் காணவில்லை.

பயில்நிலை

அனைவருக்கும் வணக்கம். ஈர்ப்பலைத் தரவுப் பகுப்பாய்வில் முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்து இதயத் துடிப்புப் பதிவுகளில் ஆய்வு செய்ய விரும்புகிறேன். மேலே உள்ளவற்றைப் படித்த பிறகு தயக்கமாக இருக்கிறது. என்னைப் போன்றவர்கள் முதலில் எங்கே தவறு செய்வோம் என்று, பொதுவாக அல்லாமல் குறிப்பாக, எவரேனும் சொல்ல முடியுமா?

எதிர்வினா

முதல் தவறு: மருத்துவரை ஆய்வின் கடைசி வாரத்தில் சந்திப்பது. மற்றவற்றை நாடிக்குறிப்பு சொல்வார்.

நாடிக்குறிப்பு

குறிப்பாகவே சொல்கிறேன். நீங்கள் கையில் எடுக்கும் இ.சி.ஜி. பதிவு உங்களிடம் வருவதற்கு முன்பே வடிகட்டப்பட்டிருக்கும். நோயறிதலுக்கான பதிவில் கீழ் எல்லை வழக்கமாக 0.05 ஹெர்ட்ஸ், படுக்கையோரக் கண்காணிப்புத் திரையில் அது பெரும்பாலும் 0.5 ஹெர்ட்ஸ். உங்கள் கண்ணுக்கு இது சிறு வேறுபாடாகத் தெரியும். ஆனால் மாரடைப்பைக் காட்டும் எஸ்.டி. பகுதி மெதுவாக மாறும் பகுதி. கீழ் எல்லையை உயர்த்தினால் அது சிதைந்து, இல்லாத மாரடைப்பைக் காட்டவோ இருப்பதை மறைக்கவோ கூடும். எனவே எந்தக் கருவி, எந்த அமைப்பு என்ற விவரம் இல்லாத தொகுப்பைத் தொடாதீர்கள். ஒரே தொகுப்பில் அவசரப் பிரிவின் பதிவுகள் ஒரு வகைக் கருவியிலிருந்தும், நலமானவர்களின் பதிவுகள் வேறு வகைக் கருவியிலிருந்தும் வந்திருந்தால், உங்கள் நிரல் இதயத்தைப் படிக்காமல் வடிகட்டியைப் படிக்கும்.

விண்மீன்தேடி

இதற்கு இயற்பியல் பக்கத்திலிருந்து ஒரு பின்குறிப்பு. நம் துறையில் தரவைக் கையில் எடுத்தவுடன் செய்யும் முதல் வேலை வெண்மையாக்கல்: ஒவ்வோர் அலைவெண்ணிலும் உள்ள இரைச்சலைச் சமப்படுத்தி, தாழ்ந்த அலைவெண்களை ஒதுக்குவது. லைகோவில் அது சரி, ஏனெனில் ஏறத்தாழ பத்து ஹெர்ட்ஸுக்குக் கீழே நில அதிர்வுகளே மேலோங்கி நிற்கும். நாம் தேடும் அலை அதற்கு மேலே வரும். அமெரிக்க மின்சாரக் கம்பியிலிருந்து கசியும் 60 ஹெர்ட்ஸ் கோட்டை நீக்கும் வேலை இரு துறைகளுக்கும் பொது என்பதால், மற்றதும் பொது என்று கை தானாக நகரும். இதயப் பதிவில் அப்படிச் செய்தால், மேலே சொன்ன எஸ்.டி. பகுதியைத்தான் முதலில் தூக்கி எறிவீர்கள்.

இருமக்கோவை

பயில்நிலைக்கு என் பங்குக்கு ஒன்று. பெரும்பாலும் எல்லோரும் எம்.ஐ.டி.-பி.ஐ.எச். என்னும், ஒழுங்கற்ற இதயத் துடிப்புகளின் பதிவுத் தொகுப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நீங்களும் அங்கிருந்தே தொடங்குவீர்கள். 1975க்கும் 1979க்கும் இடையே சேகரித்த பதிவுகளிலிருந்து தேர்ந்தெடுத்த, ஒவ்வொன்றும் அரை மணி நேரம் நீளும் 48 பதிவுகள் அதில் உள்ளன. துடிப்புகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கும் மேல் என்பதால் தரவு ஏராளம் என்று தோன்றும். ஆனால் மனிதர்கள் 47 பேர்தான். துடிப்புகளைக் குலுக்கிப் போட்டு, ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் மறுபகுதியைச் சோதனைக்கும் எடுத்தால், ஒரே மனிதரின் துடிப்புகள் இரண்டு பக்கமும் விழும். 99 சதவீதத் துல்லியம் என்று பெருமை பேசும் கட்டுரைகள் பலவற்றின் இரகசியம் இதுதான். நோயாளிகளை நோயாளிகளாகவே பிரித்தால் அந்த எண் கீழே இறங்கும். அரிய வகைத் துடிப்புகளில் வெகுவாகவே இறங்கும்.

பிரிக்கும்போது பதிவு எண்ணையே நோயாளி எண்ணாகக் கொள்ள வேண்டாம். 201, 202 ஆகிய இரண்டு பதிவுகளும் ஒரே ஆணுடையவை. தொகுப்பின் விளக்கக் குறிப்பில் அது எழுதப்பட்டிருக்கிறது.

பயில்நிலை

மிக்க நன்றி. நான் எழுதி வைத்திருந்த முன்னோட்ட நிரலை இப்போது திறந்து பார்த்தேன். 201 பயிற்சியிலும் 202 சோதனையிலும் இருக்கின்றன. நோயாளி வாரியாகப் பிரித்து மறுபடியும் ஓட்டிவிட்டு, இறங்கிய எண்ணோடு இங்கே வருகிறேன்.